பச்சிலையை டாக்டரிடம் மறைக்கலாமா?

மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும். விருதுநகரை அடுத்த சூலக்கரைப் பக்கம் வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஒரு சாண் உயரச் செடி. புளிய இலை போல வரிசையாகச் சிற்றிலைகள். அந்த வரிசையின் அடியிலே கடுகு கடுகாய்க் காய்கள். காய் கீழே இருப்பதால் "கீழ்க்காய் நெல்லி" என்றும் சொல்வார்கள்.

அப்படி ஒரு வரப்பிலே ஓர் அம்மாள் குனிந்து செடி பறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியிலே ஒரு கை அளவு சேர்ந்திருந்தது.

"யாருக்கு அம்மா?" என்று கேட்டேன்.

"மகனுக்குத்தான் தம்பி. கண்ணு ரெண்டும் மஞ்சளாப் போச்சு. சோத்தைக் கண்டாலே குமட்டுதுங்கான்."

மகன் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவன். ஒன்றரை மாதமாகக் காச நோய்க்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறான். கண் மஞ்சளானதும் பயந்துபோய், மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டான். மூன்று நாளாகக் கீழாநெல்லிச் சாறு, உப்பில்லாப் பத்தியம்.

"டாக்டரிடம் சொன்னீர்களா?"

"மாத்திரைய நிப்பாட்டுனதைச் சொன்னா வைவாகளே தம்பி."

"பச்சிலை கொடுப்பதையாவது சொன்னீர்களா?"

"அதைச் சொன்னா அதுக்கு மேல வைவாக!"

இந்த இரண்டு பதில்களையும் கேட்டபின் மஞ்சள் காமாலையை விட எனக்கு அந்தப் பயம்தான் பெரிய வியாதியாகத் தோன்றியது. பிள்ளையின் உயிர் ஊசலாடுகிறது. மருந்து கொடுத்தவருக்குப் பச்சிலை தெரியாது. பச்சிலை கொடுப்பவருக்கு மருந்தின் குணம் தெரியாது. நடுவில் கிடந்து அல்லாடுவது அந்தப் பிள்ளையின் ஈரல்!

ஈரல் என்ற சுங்கச் சாவடி

வலது பக்க விலா எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது கல்லீரல். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. நாம் விழுங்குகிற சோறு, குழம்பு, சாராயம், மாத்திரை, கஷாயம் ஆகிய எல்லாவற்றின் சத்தும் பெரும்பாலும் குடலிலிருந்து ரத்தத்தோடு முதலில் ஈரலுக்குத்தான் வந்து சேருகிறது. ஊருக்குள் வரும் லாரி எல்லாம் சுங்கச் சாவடியில் நின்று போவது போல.

மாத்திரை என்பது உடம்புக்குப் புதுச் சரக்கு. அதை உடைத்து, மாற்றி, வெளியே தள்ளுகிற வேலை ஈரலுக்கு. உடைக்கும்போது சில நேரம் உடைந்த துண்டு முழு மாத்திரையை விடக் கொடியதாக இருக்கும். அதிலேதான் ஆபத்து.

காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பங்கு ஈரலில் விஷமாக மாறுகிறது. பயப்பட வேண்டாம், அந்த விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போட ஈரலிலே குளுட்டாதயோன் என்ற காவல்காரன் இருக்கிறான். அளவோடு சாப்பிடும் வரை அவனே சமாளித்துவிடுவான். அளவு மீறினால் காவல்காரனின் கை ஓய்ந்துபோகும். விஷம் ஈரலையே தின்னத் தொடங்கும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பது கடைசி எல்லை. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அவ்வளவு கூடத் தாங்காது.

மருந்து வேலை, திரி வேலை, தீப்பெட்டி வேலை என்று நாள் முழுவதும் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பூமி இது. இடுப்பு வலிக்கும், கழுத்து வலிக்கும். சாயந்திரம் கடையில் "உடம்பு வலிக்கு ரெண்டு கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த "ரெண்டு" என்ன மாத்திரை என்று கேட்பவர் குறைவு. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால். காய்ச்சல் மாத்திரையிலும் அதுவே. வலி மாத்திரையிலும் அதுவே. மூன்றையும் சேர்த்து விழுங்கினால் அளவு எங்கே போய் நிற்கும்? சில வலி மாத்திரைகளில் நிமசுலைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது ஈரலைக் கெடுக்கக்கூடியது என்பதால் சில நாடுகள் அதை விலக்கிவிட்டன. நம் நாட்டில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2011-ல் தடை செய்யப்பட்டது.

பாராசிட்டமால் அளவு மீறிவிட்டால் ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். ஓய்ந்துபோன காவல்காரனுக்குத் திரும்பவும் தெம்பு கொடுப்பது அதுதான். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இங்கே பச்சிலை தேடி வரப்புக்கு ஓடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

காச மாத்திரையின் கதை

காச நோய் மாத்திரையின் கதை வேறு. இங்கே அளவு மீறுவதில்லை. டாக்டர் கொடுத்த அளவைச் சாப்பிட்டாலே சிலருக்கு ஈரல் வீங்கும். ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். முதல் மூன்றும் ஈரலைப் பதம் பார்க்கக்கூடியவை. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை விட்டவர்கள் உண்டு. அந்த நிறம் மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை, மருந்தின் சாயம்தான். ஆனால் பசி செத்துப்போவது, குமட்டல், வாந்தி, கண் மஞ்சளாவது ஆகியவை ஈரல் போடும் கூச்சல். இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். தேவையானால் அவரே மாத்திரையை நிறுத்துவார். ஈரல் தெளிந்தபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ அதை விட்டு வேறு சேர்ப்பார். இப்படித் தேறி, காசமும் குணமாகி நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

டாக்டர் நிறுத்துவதற்கும் நாமே நிறுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் நிறுத்தினால் திரும்பத் தொடங்குவார். நாம் நிறுத்தினால் திரும்பத் தொடங்குவதில்லை. அரைகுறை மருந்து சாப்பிட்ட காசக் கிருமி, அந்த மருந்துக்கே அடங்காத முரட்டுக் கிருமியாக மாறக்கூடும். அது வீட்டிலுள்ள பச்சைக் குழந்தைக்கும் தொற்றும்.

இன்னொரு விஷயம். மாத்திரையால் வந்த காமாலை, மாத்திரையை நிறுத்தினாலே பலருக்கு மெல்ல இறங்கிவிடும். அசுத்தத் தண்ணீரால் வரும் சாதாரணக் காமாலையும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் யார் என்ன கொடுத்தாலும் பேர் அவருக்குத்தான்! கீழாநெல்லிக்குப் பேர்; கையில் சூடு போட்டவருக்குப் பேர்; வேப்பிலை அடித்து மந்திரித்தவருக்கும் பேர்.

அப்படியானால் பச்சிலை எல்லாம் பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்களோடு சண்டை போடவும் தயார்.

எலிக்கு வைத்தியம் தயார்!

1985-ல் லக்னோ ஆராய்ச்சியாளர்களும் ஜப்பான் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கீழாநெல்லி இனச் செடியைப் பிரித்துப் பார்த்தார்கள். பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற இரு சத்துகள் கிடைத்தன. எலியின் ஈரல் செல்களைத் தனியே எடுத்து, கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத்தைக் கொடுத்தார்கள். இந்தச் சத்துகள் சேர்த்த செல்கள் விஷத்தைத் தாக்குப்பிடித்தன. கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, இமயமலைக் கடுகுரோகிணி ஆகியவற்றிலும் இப்படிப்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. பாராசிட்டமால் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். காச மாத்திரை கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். எலிகள் பிழைத்தன.

மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனைகள் பலவற்றில் பச்சிலையை முதலில் கொடுத்து, பிறகுதான் விஷத்தைக் கொடுப்பார்கள். மனிதன் அப்படியா செய்கிறான்? கண் மஞ்சளான பிறகல்லவா வரப்பைத் தேடுகிறான்? நம் நாட்டில் எலிக்கு ஈரல் கெட்டால் வைத்தியம் தயார். மனிதனுக்குத்தான் இன்னும் முடிவு சொல்லவில்லை!

மனிதரிடம் செய்த சோதனை ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை 'பி' கிருமியை உடம்பில் சுமந்திருந்த 78 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு நிஜப் பொடி. சிலருக்கு வெறும் போலிப் பொடி. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளும்பர்க்கும் இதில் பங்கு கொண்டார். 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வந்தது. நிஜப் பொடி சாப்பிட்டுத் திரும்ப வந்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. போலிப் பொடிக்காரர்களில் 23 பேருக்கு ஒருவர்தான். உலகமே வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1990-ல் தாய்லாந்தில் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை. மற்ற இடங்களிலும் ஏமாற்றம். 2011-ல் எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, உறுதியான சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அதுவும் கிருமியைப் பற்றிய ஆராய்ச்சி. மாத்திரையால் கெட்ட ஈரலைப் பற்றியது அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. ஜாக்கிரதை!

ஆனாலும் சென்னைக் குழுவினரை நான் வணங்குகிறேன். "பாட்டி சொன்னாள்" என்று நம்பிவிடவும் இல்லை. "பாட்டி சொன்னாளாக்கும்" என்று தள்ளிவிடவும் இல்லை. மனிதரிடம் கொடுத்து, எண்ணிப் பார்த்து, உலகத்தின் முன் வைத்தார்கள். தவறென்று காட்ட மற்றவர்களுக்கும் வழி விட்டார்கள்.

சூரத்தும் மும்பையும்

மாத்திரையால் வரும் ஈரல் கேட்டுக்கே நேரடியாக ஒரு சோதனை குஜராத்தில் சூரத் நகர ஆராய்ச்சியாளர்கள் செய்திருக்கிறார்கள். 2008-ல் வெளிவந்தது. காச நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் காச மாத்திரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோடு மஞ்சள் சத்தும் சீந்தில் சத்தும். மாத்திரை மட்டும் சாப்பிட்ட 192 பேரில் 27 பேருக்கு ஈரல் கெட்டது. பச்சிலையும் சேர்த்துச் சாப்பிட்ட 316 பேரில் இரண்டே பேர்!

அந்த எண்களைப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. நம் வீட்டு மஞ்சள்! வேலியிலே படர்ந்து கிடக்கும் சீந்தில்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று ஊர் ஊராகச் சீந்தில் குடித்தார்கள் அல்லவா? 2021-ல் மும்பை டாக்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சீந்தில் சாப்பிட்ட 6 பேர் ஈரல் வீங்கி வந்தார்கள் என்றது அறிக்கை. மறு ஆண்டு, நாட்டின் 13 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து எண்ணியதில் 43 பேர். மத்திய சர்க்காரின் ஆயுஷ் அமைச்சகம் முதல் அறிக்கையை மறுத்தது. அது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று கேட்டது. அமெரிக்காவிலும் மஞ்சள் சத்தை அடைத்த மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரின் விவரத்தை டாக்டர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். குழம்பில் போடும் மஞ்சள் அல்ல. சத்து இறக்கிய மாத்திரை.

ஒரே சீந்தில், ஓரிடத்தில் காவல்காரன், இன்னோர் இடத்தில் திருடன். ஒரே மஞ்சள், அதுவும் அப்படியே. ஆள் மாறினால், அளவு மாறினால், செடி மாறினால் பலனும் மாறுகிறது. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: மருந்தாக வேலை செய்யக்கூடிய எதுவும் விஷமாகவும் வேலை செய்யும். ஒன்றும் செய்யாது என்றால் அதைச் சாப்பிடுவானேன்?

செடி மாறுவது என்றேன். தென்னிந்தியாவில் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி வாங்கிச் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. நூற்றுக்கு 76 சரக்கில் நாம் நினைக்கும் கீழாநெல்லி இருந்தது. மீதியில் அதன் பங்காளிச் செடிகள் ஐந்து வகை! காய்ந்து சருகான பிறகு கண்ணால் பார்த்து யார் பிரிப்பது? வரப்பில் பறிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வரப்பிலேயே அண்ணன் தம்பி போல இரண்டு மூன்று வகை நிற்கும்.

மிளகு செய்த வேலை

பச்சிலையும் மாத்திரையும் வயிற்றிலே சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு மிளகே சாட்சி. மிளகில் பைப்பரின் என்ற சத்து இருக்கிறது. ரிபாம்பிசினோடு அதைச் சேர்த்தால் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது. ஜம்மு ஆராய்ச்சி நிலையம் இதைக் கண்டுபிடித்து, 450 மில்லிகிராம் மருந்து செய்கிற வேலையை 200 மில்லிகிராமும் 10 மில்லிகிராம் பைப்பரினும் செய்யும்படி ஒரு மாத்திரையே உருவாகிவிட்டது. நம் ஆராய்ச்சிக்கு இது பெருமை.

பெருமையோடு ஓர் எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. ஒரு செடியின் சத்து மாத்திரையின் அளவை உடம்புக்குள் கூட்டும் என்றால், இன்னொரு செடி குறைக்கவும் செய்யலாம். கூடினால் ஈரலுக்குக் கேடு. குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவேதான் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிறேன். எந்தச் செடி, எத்தனை நாள், எவ்வளவு, வேளைக்கு முன்னா பின்னா எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அவர் கேட்டால்தானே சொல்ல முடியும்? இங்கே டாக்டர்களையும் ஒரு வார்த்தை கேட்கிறேன். "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறீர்கள். "கஷாயம், பொடி, பச்சிலை ஏதாவது?" என்று கேட்கிறீர்களா? கேட்டாலும், கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வது போலக் கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? திட்டுக்குப் பயந்து அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு செய்தியில்தான் நீங்கள் தேடுகிற நோய்க் காரணம் இருக்கலாம்.

சூலக்கரை அம்மாளிடம் நான் வைத்தியம் சொல்லவில்லை; எனக்கு அந்த யோக்கியதை இல்லை. "இப்போதே மகனை அழைத்துக்கொண்டு போங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தச் செடியையும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். செடியை எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. "வைதா என்ன பண்ண?" என்று திரும்பவும் கேட்டார். "வைதால் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, ஈரல் போனால் வாங்க முடியாது" என்றேன். சிரித்துவிட்டார். அன்று மத்தியானமே போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். சில வாரங்களுக்குப் பின் ஒவ்வொரு மாத்திரையாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். டாக்டர் வையவில்லையாம். "செடியக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு" என்று அந்த அம்மாளே சொன்னார்.

அந்தச் செடியை அவர் திருப்பிப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. 1956-ல் சென்னையில் காச நோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் படுக்க வைத்தால்தான் காசம் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று 1959-ல் காட்டியது அந்த நிலையம். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் சோதித்தது நம் ஊர் ஏழை எளியவர்களைக் கொண்டுதான்.

அதே முறையில் இதையும் சோதிக்கலாமே! 2022 முதல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1964 முதல் பாளையங்கோட்டையில் சர்க்கார் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரப் பயணம். மேற்கே பார்த்தால் மூலிகைக்குப் பேர்போன சதுரகிரி. காச மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். செடி இன்னது என்று உறுதி செய்து, அளவை நிர்ணயித்து, நோயாளியின் சம்மதம் பெற்று, ஒரு பிரிவுக்கு நிஜப் பொடியும் இன்னொரு பிரிவுக்குப் போலிப் பொடியும் கொடுத்து, வாரா வாரம் ரத்தம் பார்க்கலாம். ஆங்கில வைத்தியரும் சித்த வைத்தியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுத வேண்டும். சர்க்கார் இதற்குப் பணம் ஒதுக்கட்டும். பலன் உண்டு என்று வந்தால் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கட்டும். இல்லை என்று வந்தால் அதையும் பெரிய எழுத்தில் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டட்டும். அதுவரை பறித்த செடியை மடியிலே மறைக்க வேண்டாம். டாக்டரின் மேஜை மேல் வையுங்கள்.